லிக்ன்: மரமா, கட்டையா, காழா?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு தாவரவியல் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு அத்தியாயம் தடங்கல் இல்லாமல் போனது. மூன்றாவதில் சிக்கிக்கொண்டேன். லிக்னின் (செடியின் செல்சுவரை இறுக்கும் பொருள்), லிக்னிஃபிகேஷன் (செல்சுவர் அப்படி இறுகுவது), லிக்னோசெல்லுலோஸ், லிக்னோட்யூபர், நடுவில் ஓரிடத்தில் லிக்னைட் என்ற நிலக்கரி. எல்லாவற்றுக்கும் தலையில் ஒரே துண்டு, லிக்ன். லத்தீனில் மரக்கட்டையைக் குறிக்கும் லிக்னம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்தத் துண்டுக்குத் தமிழில் ஒரு சொல்லை மட்டும் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் எடைபோட்டுப் பார்த்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

என் முன்னால் இருந்த வழிகள் இவை: ஒலியை அப்படியே எடுத்து லிக்னின், லிக்னைட் என்று எழுதிவிடலாம். மரம் என்ற சொல்லை வைத்துக் கட்டலாம். விறகு, கட்டை என்று போகலாம். இல்லையென்றால் மரத்தின் இறுகிய பகுதியைச் சொல்ல வைரம், காழ் என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகப் பேச நிறைய இருக்கிறது, அதுதான் தொல்லையே.

முதலில் லிக்னம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. லத்தீனில் லெகெரே என்றால் பொறுக்குவது, சேர்ப்பது. பொறுக்கிச் சேர்த்தது எதுவோ அது லிக்னம். அதாவது சுள்ளி. காட்டோரம் போய்ப் பொறுக்கிக் கட்டித் தலையில் வைத்துக் கொண்டுவரும் விறகு. நிற்கிற மரத்துக்கு அவர்களிடம் ஆர்போர் என்று வேறு சொல் இருந்தது. வீடு கட்ட, கப்பல் கட்ட அறுக்கும் மரத்துக்கு மாத்தேரியா என்று இன்னொரு சொல். மெட்டீரியல், மேட்டர் என்று நாம் இன்று அன்றாடம் சொல்கிற இரண்டும் அந்த மாத்தேரியாவிலிருந்து வந்தவைதான், உத்தரத்துக்கு அறுத்த மரம் மெல்ல மெல்ல உலகத்துப் பொருள் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. லிக்னம் மட்டும் அடுப்பங்கரையிலேயே இருந்துவிட்டது. காட்டுக்கு விறகு சுமப்பது என்று லத்தீனில் ஒரு சொலவடை உண்டு, நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்கிறோமே அதற்குச் சரியாக நிற்கும். அதில் வரும் விறகும் லிக்னம்தான்.

இந்தப் பிரிவு ரோமானியர்களுக்கு வெறும் பேச்சு வழக்கு இல்லை, வழக்குமன்றம் வரை போகும் விஷயம். ஒருவர் உயில் எழுதுகிறார், என்னுடைய லிக்னம் இன்னாருக்கு என்று. அவர் இறந்த பிறகு கொல்லையில் அறுத்த பலகையும் கிடக்கிறது, பிளந்த விறகும் கிடக்கிறது. எது யாருக்கு? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் என்ற சட்ட அறிஞர் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார், 533இல் பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த டைஜஸ்ட் என்ற சட்டத் தொகுப்பில் அது இருக்கிறது. லிக்னம் பொதுப்பெயர்தான், ஆனாலும் கட்டவும் முட்டுக்கொடுக்கவும் ஆவது மாத்தேரியா, எரிப்பதற்கென்று வைத்திருப்பது லிக்னம் என்று பிரிக்கிறார். அதோடு விடவில்லை. எகிப்தில் நாணலைத்தான் விறகாக எரிக்கிறார்கள், அங்கே அதுவும் லிக்னத்தில் சேரும் என்கிறார். இதைப் படித்தபோது எனக்குப் பருத்திமார் கட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடித்ததும் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, அதை வைத்துத்தான் பல மாதம் அடுப்பு எரியும். பருத்தியை யாரும் மரம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பருத்திமார் விறகு. உல்பியனிடம் கேட்டிருந்தால் சரியென்றிருப்பார்.

அந்தப் பழைய பிரிவு லத்தீனின் பிள்ளை மொழிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்பானிஷில் லெஞா என்றால் விறகு, மதேரா என்றால் மரவேலைக்கான மரம். போர்த்துகீசியத்திலும் அப்படியே, மடெய்ரா என்ற தீவுக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த மரக்காட்டால்தான். இத்தாலியனில் மட்டும் லெஞ்ஞோ என்று ஆண்பாலில் சொன்னால் மரப்பொருள், லெஞ்ஞா என்று பெண்பாலில் சொன்னால் விறகு. அந்த ஞ ஒலியை ஆங்கிலத்தில் எழுதத் தவியாய்த் தவிக்க வேண்டும், நமக்கு ஒரே எழுத்து போதும்.

சரி, அறிவியலுக்கு வருவோம். 1813இல் ஸ்விட்சர்லாந்துத் தாவரவியலாளர் தெ கான்டோல் மரத்தின் நார்ப்பொருளுக்கு லிக்னின் என்று பெயர் வைத்தார். அப்போது அது என்ன பொருள் என்று தெளிவாகப் பிரித்தறிய வழியில்லை. 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென் மரத்தை அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றி நனைத்து, மிஞ்சிய வெள்ளை நாருக்கு செல்லுலோஸ் என்று பெயர் வரக் காரணமானார். கரைந்து வெளியே போனதை நாரின்மேல் அப்பியிருந்த பொருள் என்ற அளவில் விட்டுவிட்டார். பிற்பாடு அந்த அப்பியிருந்த பொருளுக்குத்தான் லிக்னின் என்ற பெயர் நிலைத்தது. செல்லுலோஸ் கம்பி என்றால் லிக்னின் அதைச் சுற்றி ஊற்றிய காங்கிரீட், இந்த உவமை ஓரளவுக்குச் சரியாக வரும். மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் அதுதான். தேங்காய் நாரில் 40 சதவீதத்துக்கும் மேல், அதனால்தான் கயிறு உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறியும் மக்குவதில்லை. பஞ்சில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பாசிகளுக்கு லிக்னின் கிடையாது, அதனால் அவை தரையோடு தரையாகக் கிடக்கின்றன. நீரை உயரத்துக்கு ஏற்றும் குழாய்கள் உள்ளே அழுந்தி ஒட்டிப்போகாமல் நிற்பது இந்தப் பொருளின் வலுவில்தான்.

இப்போது வழிகளைப் பார்க்கலாம்.

ஒலியை அப்படியே எழுதுவது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் லிக்னின் என்றே எழுதுகின்றன, செடிக்குள் நீரையும் உணவையும் கொண்டுபோகும் திசுக்களைச் சைலம், ஃபுளோயம் என்று எழுதுவதைப் போல. பெரிய லாபம், பிள்ளை நாளைக்கு மேல்படிப்புக்குப் போனால் அதே சொல்லைத்தான் கேட்கப்போகிறது. இன்னொரு லாபம், இது ஒரு பொருளின் பெயர். அயோடின், இன்சுலின் போல. பொருளின் பெயரை மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இலங்கைத் தமிழ் நூல்களில் இலிக்னின் என்று முன்னால் ஒரு இ சேர்த்து எழுதுவார்கள். லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற மரபுக்காக. இலங்கை, இலட்சம், இலக்கணம் எல்லாம் அப்படி வந்தவையே. எனக்கு அந்த இ மேல் பாசம் உண்டு, படிக்கும்போது நாக்கும் சற்று நிதானமாகிறது. ஆனாலும் என் கையேட்டைப் படிக்கப்போகிற பிள்ளையின் பாடநூலில் லிக்னின் என்று இருக்கும்போது நான் வேறு மாதிரி எழுதிக் குழப்பக்கூடாது, அதனால் இ இல்லாமல் எழுதினேன். இலங்கைப் பிள்ளைகளுக்கு எழுதினால் மறுபேச்சு இல்லாமல் இலிக்னின் என்றே எழுதுவேன்.

ஒலிபெயர்ப்பு உதைக்கிற இடம் வினைச்சொல். லிக்னிஃபிகேஷன் என்பதை அப்படியே எழுதினால் அது ஒரு கல். அதிலிருந்து எதையும் வளைத்து எடுக்க முடியாது. லிக்னிஃபிகேஷன் அடைந்த செல்சுவர், லிக்னிஃபிகேஷன் அடையாத செல்சுவர் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், என்னாலேயே இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. லிக்னினேற்றம் என்று ஒரு பாதி வழி இருக்கிறது. தவறில்லை. யாரோ வெளியிலிருந்து குழாய் வைத்து ஏற்றுவது போல ஒரு தோற்றம் வருகிறது, செடி தன் சுவரைத் தானே இறுக்கிக்கொள்கிறது என்பது வரவில்லை.

அடுத்தது மரம். லிக்னத்துக்கு அகராதியைத் திறந்தால் முதலில் கிடைக்கும் சொல் இதுதான். மரமாதல், மரப்பொருள், மரக்கூறு என்றெல்லாம் கட்டலாம். சுலபமான சொற்கள், எந்தப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் புரிவது தப்பாகப் புரியும். தமிழில் மரம் என்றால் முதலில் நிற்கிற உயிர்தான் கண்ணுக்கு வரும், வேப்பமரம், புளியமரம். லத்தீன் ஆர்போர் என்று தனியாகப் பிரித்து வைத்த அதே பொருள். தக்காளிச் செடியின் அடித்தண்டு மரமாகிறது என்று எழுதினால் பிள்ளை என்ன நினைக்கும்? செடி மரமாக வளர்கிறது என்றுதான் நினைக்கும். ஆகவே மரத்தை ஒதுக்கிவிட்டேன்.

ஒதுக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது, அதைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. பல் பிடுங்கும்முன் ஈறில் போடுகிறார்களே, லிக்னோகெயின் ஊசி, அதிலும் தலையில் லிக்ன் இருக்கிறது. மரத்துக்கும் அந்த மருந்துக்கும் என்ன? 1850இல் மரத்தாரிலிருந்து ஒரு திரவத்தைக் கண்டுபிடித்து அதற்கு சைலீன் என்று பெயர் வைத்தார்கள், கிரேக்கத்தில் சைலான் என்றால் மரம். சைலீனிலிருந்து சைலிடின். ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரனும் பெங்ட் லுண்ட்க்விஸ்டும் 1943இல் சைலிடினின் வழிப்பொருளாக அந்த மருந்தைத் தயாரித்தார்கள், 1948இல் சைலோகெயின் என்ற வணிகப் பெயரில் கடைக்கு வந்தது. வணிகப் பெயரில் இருக்கும் கிரேக்க மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லத்தீன் மரத்தை வைத்ததுதான் லிக்னோகெயின். மருந்தில் மரம் ஒரு துளியும் இல்லை, பெயரின் பாட்டன் வீட்டில்தான் இருக்கிறது. நாம் அந்த ஊசி போட்டதும் என்ன சொல்கிறோம்? வாய் மரத்துப்போச்சு என்கிறோம். லத்தீன்காரர்கள் நினைக்காத ஒரு பொருத்தம் தமிழ்க் காதில் மட்டும் கேட்கிறது. அதற்காக அந்த மருந்துக்கு மரப்பூசி என்று பெயர் வைக்கக் கிளம்பக்கூடாது. மருந்துச் சீட்டில் உள்ள பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லிக்னோகெயின் லிக்னோகெயினாகவே இருக்கட்டும்.

மூன்றாவது வழி, விறகும் கட்டையும். சொல்லின் பிறப்பை மட்டும் பார்த்தால் விறகுதான் அச்சு அசல். ஆனால் விறகு என்றவுடன் உயிர் போய்க் காய்ந்துவிட்டது என்று ஆகிவிடுகிறது, உயிருள்ள செடிக்குள் நடப்பதை விறகு வைத்துப் பேச முடியாது. கட்டை அப்படியில்லை. எரிக்கிற கட்டையும் உண்டு, கடைகிற கட்டையும் உண்டு, சந்தனக்கட்டை போல மணக்கிற கட்டையும் உண்டு. சாகக் கிடப்பவரைக் கட்டையில் போகிற காலம் என்று சொல்வதில் சிதைக்கு அடுக்கிய விறகும் வந்துவிடுகிறது. முற்றிப்போன முள்ளங்கியைக் கடித்துவிட்டு ஒரே கட்டை என்று துப்புகிறோம். லிக்னம் எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் கட்டையும் போயிருக்கிறது.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், லிக்னம் தனிச்சொல்லாக நிற்கும் பெயர்களில் கட்டையைத் தவிர வேறு எதுவும் பொருந்தவில்லை. லிக்னம் ஆலோஸ் என்று பழைய ஐரோப்பிய மருத்துவ நூல்களில் ஒரு சரக்கு வரும். ஆலோ என்றால் கற்றாழை என்று நினைத்துக் கற்றாழைக் கட்டை என்று எழுதிவிட்டால் கதை கெட்டது, கற்றாழையில் கட்டை ஏது? அது அகில். எபிரேயத்தில் அகாலிம், கிரேக்கத்தில் அகல்லோகான் என்று மேற்கே போன பெயர் கற்றாழையின் பெயரோடு கலந்து குழம்பிவிட்டது. மூலம் திராவிடச் சொல்லாக இருக்கும் என்று சொற்பிறப்பு அகராதிகள் நம் அகிலைத்தான் காட்டுகின்றன. ஆகவே அந்த இரட்டைச் சொல்லை மொழிபெயர்க்கவே வேண்டாம், அகிற்கட்டை என்று வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வந்தால் போதும். லிக்னம் வைட்டே என்று இன்னொன்று, உயிரின் கட்டை என்று பொருள். கரீபியன் தீவுகளின் மரம், ஜமைக்காவின் தேசிய மலர் அந்த மரத்தின் பூதான். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மேகநோய்க்கு இதைத்தான் மருந்தென்று நம்பிக் காய்ச்சிக் குடித்தார்கள், பெயர் வந்தது அதனால். தனக்குள்ளேயே பிசுக்கு இருப்பதால் எண்ணெய் விடாமல் உராயும், அதனால் கப்பலின் சுழல்விசிறித் தண்டு சுற்றும் இடத்தில் தாங்கியாக இதை வைத்தார்கள். இதற்கு உயிர்மரம் என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்கு வந்தது மரம் இல்லை, துண்டுதான். சந்தனக்கட்டை, அகிற்கட்டை என்ற வரிசையில் உயிர்க்கட்டை என்பதே என் தேர்வு.

லிக்னைட்டில் நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரும்பொருள் வெளிப்பட்டது, 1956இல் நிறுவனம் வந்தது, தமிழில் அதற்குப் பழுப்பு நிலக்கரி என்ற பெயர் நாளிதழ் வழியாக எல்லார் வாயிலும் ஏறிவிட்டது. நெய்வேலிக்காரர்கள் லிக்னைட் என்றும் சொல்வார்கள், இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பழுப்பு நிலக்கரி என்ற பெயரில் லிக்னம் இல்லவே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சில் அந்தப் பெயரை வைத்தவர்கள் கையில் எடுத்துப் பார்த்தபோது மரத்தின் இழை இன்னும் தெரிந்தது, அதனால் லிக்னைட் என்றார்கள். நம் பெயர் அதன் நிறத்தைப் பார்த்தது, ஜெர்மன்காரர்களும் அப்படித்தான், அவர்களுக்கும் அது பழுப்புக் கரி. லத்தீன் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டும் ஒரு பெயர் நன்றாக ஓடும் என்பதற்கு இதைவிட ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை. இங்கேதான் என் முதல் எண்ணம் உடைந்தது. லிக்ன் என்ற துண்டு ஒன்றுதான், ஆனால் பெயர் வைத்தவர்கள் அதில் ஒவ்வொரு முறையும் வேறொன்றைப் பார்த்திருக்கிறார்கள். நிலக்கரியில் இழையைப் பார்த்தார்கள், மருந்தில் பெயரின் வம்சத்தைப் பார்த்தார்கள், செல்சுவரில் இறுக்கத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது எதுவோ அதற்குச் சொல் தேட வேண்டும். துண்டுக்குச் சொல் தேடியதுதான் என் மூன்று வாரத்தைத் தின்றது.

அப்படியானால் இறுக்கத்துக்கு என்ன சொல்? மனம் உடனே வைரத்துக்குப் போகும். வைரம் பாய்ந்த கட்டை என்று யாருக்குத்தான் தெரியாது, எண்பது வயதில் நடவு நடும் பாட்டியைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். லிக்னிஃபிகேஷனுக்கு வைரமேறுதல் என்று எழுதிவிட்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் எங்கள் தெருவில் நிலை, கதவு செய்யும் ஆசாரியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு தேக்குத் துண்டின் வெட்டுமுகத்தைக் காட்டினார். உள்ளே கருப்போடியது வைரம், வெளியே வெளுப்பாக இருப்பது வைரம் ஏறாதது, "தம்பி, இந்த வெள்ளையை விட்டா செல்லு அரிச்சுடும், செதுக்கித் தள்ளிட்டுத்தான் வேலையே" என்றார். அப்போதுதான் உறைத்தது. அவர் செதுக்கித் தள்ளிய அந்த வெள்ளைக் கட்டையிலும் லிக்னின் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. உள்ளே இருப்பதற்கு நிறமும் உறுதியும் தருவது அங்கே உயிர்ச்செல்கள் செத்தபின் தேங்கிய பிசினும் பிற பொருள்களும். ஆசாரியின் வைரம் ஆங்கிலத்தில் ஹார்ட்வுட் (heartwood, மரத்தின் உட்கட்டை) என்பதற்குச் சரியான சொல், அதை எடுத்து வேறு வேலைக்கு வைத்தால் ஹார்ட்வுட்டுக்குச் சொல் இல்லாமல் போய்விடும். வைரத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டேன்.

மிஞ்சியது காழ். தொல்காப்பியத்தின் மரபியலில் புறத்தே காழ் உடையது புல், அகத்தே காழ் உடையது மரம் என்று பிரித்திருப்பது பலருக்கும் தெரியும். பனையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும், வெளிச்சுற்று இரும்பு, உள்ளே சோறு போல மெத்தென்று. வீட்டுக் கூரைக்கு எடுக்கும் பனங்கை அந்த வெளிச்சுற்றிலிருந்துதான். ஆக, காழ் என்பது ஆசாரியின் வைரத்தைவிட அகலமான சொல், எங்கே இறுகியிருக்கிறதோ அங்கே காழ். இலங்கைத் தாவரவியல் நூல்கள் சைலத்துக்குக் காழ் என்றும் ஃபுளோயத்துக்கு உரியம் என்றும் வைத்திருப்பதை நான் மெச்சுகிறேன், அவற்றை எழுதியவர்கள் இந்த வேலையை எத்தனை அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். ஆனால் எனக்கு வேண்டியது வினைச்சொல். அது குறளில் கிடைத்தது. 879ஆவது குறள், முள்மரத்தை இளசாக இருக்கும்போதே களைந்துவிடு, காழ்த்த பிறகு வெட்டப்போனால் வெட்டுகிறவன் கையைத்தான் அது வதைக்கும் என்பது. காழ்த்த. இளந்தண்டாகப் பச்சையாக இருந்தது இறுகிப்போவது, அதற்கு ஒற்றை வினை. உள்ளே கருப்போடுவதைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை, நேற்று நகத்தால் கிள்ள முடிந்தது இன்று அரிவாளுக்கும் மசியவில்லை என்பதுதான். லிக்னிஃபிகேஷன் என்றால் இதுவேதான், இதைத் தாண்டி ஒன்றும் இல்லை.

வளைத்தும் பார்த்தேன். காழ்த்தல், காழ்த்த செல்சுவர், காழ்க்காத செல்சுவர், அடித்தண்டு காழ்க்கத் தொடங்கும், நுனி இன்னும் காழ்க்கவில்லை. ஒவ்வொன்றும் வாயில் நிற்கிறது. இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வரும், இன்று காழ்ப்பு என்றால் காழ்ப்புணர்ச்சி என்றுதானே எல்லாருக்கும் தெரியும், பிள்ளை குழம்பாதா என்று. இறுகிப்போன பகையைத்தான் காழ்ப்பு என்கிறோம், ஆகவே பொருளில் முரண் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் உண்மை இருப்பதால் காழ்ப்பு என்ற வடிவத்தைக் கையேட்டில் எங்கும் பயன்படுத்தவில்லை, காழ்த்தல் மட்டும். முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்கு உதாரணம் தேடி எங்கும் போகவில்லை, சமையலறை போதும். வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பது எதற்கு? பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து நார் விட்டால் முற்றல். எங்கள் அத்தை முருங்கைக்காயை இலேசாக முறுக்கியே சொல்லிவிடுவார், "இது முத்தல்டா, சக்கையத்தான் துப்பணும்" என்று. நாம் மென்று துப்பும் அந்தச் சக்கை பெரும்பாலும் காழ்த்த நார். வாழைத்தண்டைப் பொரியல் வைக்க முடிவதும் அது காழ்க்காததால்தான். முற்றுதல் என்ற சொல்லையே லிக்னிஃபிகேஷனுக்கு வைத்தால் என்ன என்றும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன், ஆசையாகவும் இருந்தது. ஆனால் நெல் முற்றும், தேங்காய் முற்றும், நோய் முற்றும், பேச்சும் முற்றும். ஒரு குறிப்பிட்ட வேதிமாற்றத்தை அதன் தலையில் சுமத்தினால் அது தாங்காது. பிள்ளைக்கு முற்றலைக் காட்டிக் காழ்த்தலைச் சொல்லிக்கொடுக்கலாம், அது சரியான வழி.

கடைசியில் கையேட்டில் இப்படி நிற்கிறது. பொருளுக்கு லிக்னின். நிகழ்வுக்குக் காழ்த்தல். செல்லுலோசும் லிக்னினும் பின்னிக்கிடக்கும் கலவைக்கு லிக்னோசெல்லுலோஸ், அதை மாற்ற நான் முயலவில்லை, வேதிப்பெயர் அப்படியே இருப்பதுதான் நல்லது. காகித ஆலையில் மரக்கூழிலிருந்து லிக்னினைப் பிரித்தெடுப்பதற்கு லிக்னின் நீக்கம், கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள் என்ற செய்தியோடு அந்தப் பத்தியைச் சேர்த்திருக்கிறேன். நீக்காமல் அரைத்துச் செய்த செய்தித்தாள் வெயில் பட்டால் மஞ்சளாகும், அதற்குக் காரணமும் லிக்னின்தான், ஒரு பழைய நாளிதழைச் சன்னலோரம் இரண்டு நாள் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மரக்கூழ் ஆலைகளில் பிரித்த லிக்னினைப் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், அது கரைந்திருக்கும் கருப்புச் சாற்றை வற்றவைத்துக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கிறார்கள். பொறுக்கிச் சேர்த்து எரிப்பதற்கென்று பெயர் பெற்ற லிக்னம், இத்தனை வேதியியலைக் கடந்து மறுபடியும் அடுப்புக்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

லிக்னோட்யூபருக்கு மட்டும் நேற்றுவரை சொல் இல்லாமல் ஒரு வெற்றிடம் விட்டு வைத்திருந்தேன். தைலமரக் குடும்பத்தில் பல இனங்களுக்கு அடித்தண்டும் வேரும் கூடும் இடத்தில் மண்ணோடு மண்ணாக ஒரு புடைப்பு இருக்கும், அதற்குள் உறங்கும் மொட்டுகளும் சேமித்த உணவும். தீப்பிடித்து மேலே எல்லாம் கருகிப்போனாலும் அதிலிருந்து கொத்தாகத் துளிர்த்து வரும். பெயர் வைத்தவர் பார்த்தது என்ன? கிழங்கு மாதிரி உணவைச் சேர்த்து வைத்திருக்கிறது, தொட்டால் கட்டை. இங்கே காழ் தேவையில்லை, மரமும் தேவையில்லை. கட்டைக்கிழங்கு என்று எழுதிப் பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் காட்டினேன். சொல்லை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, "அவிச்சாலும் வேகாதுல்ல அண்ணா?" என்று கேட்டாள். வேகாது என்றேன். வெற்றிடத்தில் அதையே எழுதிவிட்டேன்.